அம்புரோஸ் மோத்தா பம்பு மாட்டிய படலம்

உப்பளங்கள் வெண்கொடி விரிக்க, முத்துக்கடல் வந்து கால் கழுவ, துறைமுகத்துக் கிரேன்கள் தலை தாழ்த்தி வணங்க, தூத்துக்குடி மாநகரில் தோன்றிய வீரத்திருமகன், வெண்தொப்பித் திலகம், டீசல் மணம் கமழும் திரண்ட மார்பினன், ஸ்பானர் ஏந்திய செங்கையன், ஜெட் போட்டு டிரைவர் அம்புரோஸ் மோத்தா வாழ்க! பனிமய மாதாவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்காம் ஆண்டு ஆடி மாதத்தில் இந்தப் பெருமகன் புரிந்த அருஞ்செயலைச் சிரிக்காமல் சொல்லி முடிக்கச் சொல்லுகிறவன் வாய்க்குப் பலம் கொடு தாயே!

யார் இந்த அம்புரோஸ்? முன்னாளில் பன்னிரண்டு ஆண்டு சங்குக் கிட்டங்கியில் குந்தியிருந்து சங்கு பிரித்தவன். ஆயிரம் இடம்புரிச் சங்குகளின் குவியலுக்குள் ஒரே ஒரு வலம்புரி ஒளிந்து கிடந்தாலும் கண்ணை மூடிக் கையால் தடவியே எடுத்துவிடுவான். அந்த வித்தையில் அவனுக்கு நிகரில்லை என்பதை அவனைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் என்ன பிரயோசனம்? அழுகிய சங்குச் சதையின் நாற்றம் சட்டையில் ஏறி, சட்டையிலிருந்து தோலில் ஏறி, தோலிலிருந்து பேருக்கே ஏறிவிட்டது. கொல்லைக் கிணற்றடியில் இரண்டு தரம் சோப்புப் போடாமல் அவன் மனைவி அல்போன்சா ஒருநாளும் அவனை வீட்டுக்குள் விட்டதில்லை.

இந்த நரகத்திலிருந்து அவனைக் கரையேற்ற வந்தது ஒரு ஜெட் போட்டு. கடலடியில் சிப்பி விளையும் முத்துப் பார்களைப் பார்வையிடும் ஓர் ஆபீசுக்காகக் கடல்கடந்து வந்த படகு அது. குளிகாரர்கள் மூழ்கும் இடத்தில் படகைத் தள்ளும் காத்தாடி வெளியே சுழன்றால் கை கால் போய்விடும் என்பதால், அடிவயிற்றால் நீரை உறிஞ்சிப் பின்புறத்தால் பீய்ச்சி ஓடும் பம்பு வைத்துச் செய்திருந்தார்கள். அம்புரோஸ் அதற்கு டிரைவரானான். வெள்ளை உடுப்பு வந்தது, தொப்பி வந்தது, வாசல் வழியாகவே வீட்டுக்குள் நுழையும் பாக்கியமும் வந்தது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷம் மணலைத் தின்று தின்று, பம்பின் வயிற்றில் சுழலும் மூவிலை இம்பெல்லர் பொக்கைவாய்க் கிழவன்போல் ஆனது. படகு நகர மறுத்தது. பம்பு செய்த கம்பெனியோ அதற்குள் பழைய பம்பைக் கைவிட்டுப் புதிய மாடலுக்குத் தாவியிருந்தது. கடிதம் மேல் கடிதம் போட்டதில், புது மாடல் இம்பெல்லர் ஒன்று மரப்பெட்டியில் வந்து இறங்கியது. கூடவே ஓர் இடியும் இறங்கியது: சனிக்கிழமை மெட்ராஸ் ஆபீசர் வருகிறார், படகு ஓடினால் தங்கும், ஓடாவிட்டால் ஏலம், டிரைவர் பழையபடி சங்குக் கிட்டங்கிக்கு.

பழைய பம்பில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்லும் புத்தகமும் பெட்டியோடு வந்திருந்தது. அதை ஸ்டோர்கீப்பர் பிச்சையா, பீரோக்களின் பேரரசர், பூட்டுகளின் பிதாமகர், காக்கி உறைகூடப் பிரிக்காமல் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டு திருவாய் மலர்ந்தருளினார்:

"பொஸ்தகம் ஸ்டாக்குல ஏறியாச்சு வே! ஆபீசர் கையெழுத்து இல்லாம உறையப் பிரிக்க மாட்டேன். இடியே விழுந்தாலும் பிரிக்க மாட்டேன்."

கெஞ்சியிருக்கலாம் அல்லவா? ஒரு வார்த்தை தணிந்து கேட்டிருக்கலாம் அல்லவா? வெண்தொப்பித் திலகமாவது, தணிவதாவது! நெஞ்சை நிமிர்த்தி முழங்கினான்:

"உம்ம பொஸ்தகத்தப் பாத்தா அண்ணாச்சி நான் கடல்ல போட்டு ஓட்டுதேன்? பழச அங்கன வையும், புதுச இங்கன வையும். இந்தக் கைக்குத் தெரியாததா அந்தக் காயிதத்துக்குத் தெரிஞ்சிரப் போவுது?"

படகுத்துறையில் சாக்கு விரிக்கப்பட்டது. பழையதும் புதியதும் இரு சேனைபோல் எதிரெதிரே வீற்றிருக்க, முடிச்சிட்ட வலைக்கயிற்றைப் படைக்கலமாய் ஏந்திய நம் வீரன் குனிந்தான், நிமிர்ந்தான், முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான், சுற்றளவை அளந்தான், நடுத்துவாரத்தை அளந்தான், நீளத்தை அளந்தான், அச்சில் பூட்டும் சாவி வெட்டை அளந்தான், அளந்ததையே நாலுமுறை அளந்து, நாலுமுறையும் ஒன்றே வரக் கண்டு, கிழக்கே இலங்கை வரை கேட்கும்படி ஆர்ப்பரித்தான்:

"மயிரளவு பிசகில்ல! கம்பெனி ஒன்னு, அளவு ஒன்னு, வெட்டு ஒன்னு. பெறவு என்ன மண்ணாங்கட்டி மாடலு!"

அடப்பாவி! கயிற்றுக்கு எட்டாத ஒன்று அந்தச் சாக்கின் மேலேயே பல்லிளித்துக்கொண்டு கிடந்ததே! நாலுமுறை அளந்தவனுக்கு ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று பகல் அவன் பம்போடு பொருதான். விரல் நசுங்கியது, முட்டி பெயர்ந்தது, துருப்பிடித்த போல்ட்டுகள் பகைவர் தலைகளாய் உருண்டன. புது இம்பெல்லர் பழைய பம்புக்குள் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு இறங்கிற்று. அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்த்த நாய்கள்கூட வழிவிட்டன. அல்போன்சா மட்டும், "இது ஓடிட்டுன்னா மாதாவுக்கு ஆளுயர மெழுகுதிரி வைக்கேன்" என்று நேர்ந்துகொண்டு உடுப்பைக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள்.

சனிக்கிழமை. படகுத்துறைப் படியில் ஆபீசர், கையில் இளநீர். பின்னால் ஊர். அம்புரோஸ் தொப்பியைச் சரித்து வைத்து, சிலுவை போட்டு, எஞ்சினை முடுக்கினான். அது உறுமியது, கடல் கலங்கியது, படகு சிலிர்த்தது, பிறகு, மாடு சாட்டையைப் பார்த்து விலகுவதுபோல, மெல்லப் பின்னால் நகர்ந்தது. இறுகிக் கிடக்கிறது போலும் என்று எண்ணிய மதியூகி இன்னும் முடுக்கினான். படகு இன்னும் பின்னால் வந்தது. துறையில் கட்டிய டயரில் இடித்து, படியே குலுங்க, இளநீர் முழுவதும் ஆபீசரின் டெரிலின் சட்டைக்கு அபிஷேகம் ஆயிற்று. ஊர் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன.

அந்த இடத்திலேயே பிச்சையா தாளை நீட்ட, ஆபீசர் நனைந்த கையால் கையெழுத்திட, உறை கிழிந்தது. 'பழைய பம்புக்கு ஆகாது' என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்ததைப் பிச்சையா எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள், இம்பெல்லரும் கழன்று, பழையதன் பக்கத்தில் சாக்கின்மேல் வந்து சேர்ந்தது. கிட்டங்கிக்குச் சங்குக்கூடை சுமந்து போன ஜெபசெல்வி, முன்னாளில் அம்புரோசுக்குப் பக்கத்தில் குந்திச் சங்கு பிரித்தவள், கூடையை இறக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"ஏ அம்புரோஸ் அண்ணே! பழசு இடம்புரி, புதுசு வலம்புரியால்லா இருக்கு! மூணு எலையும் எதுத்தாப்புல முறுக்கிக்கிட்டுல்லா கெடக்கு! உமக்கா தெரியல?"

யாரும் சிரிக்கவில்லை. அம்புரோஸ் குந்தினான். கண்ணை மூடினான். பழையதன் இலையைத் தடவினான். புதியதன் இலையைத் தடவினான். இமைப்பொழுதில் தெரிந்துவிட்டது அந்தக் கைக்கு. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான், பன்னிரண்டு ஆண்டின் பேராற்றல் படைத்த பெருந்தகை, கடலாளும் காவலன், மூவிலை வென்ற முடிவேந்தன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அம்புரோஸ் இரண்டு சோப்பு வாங்கிக் கிணற்றடியில் வைத்துவிட்டுச் சங்குக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனார்.