பொரு மாமா நம்பிய வெள்ளிக்கிழமை

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பேயை நம்பாதவர்கள் நாலைந்து பேர் உண்டு. போன் டவரை நம்பாதவர் ஒரே ஒருவர்தான், பொரு மாமா. சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர். யார் எதைச் சொன்னாலும் சிங்களத்தில் "பொரு!" என்பார், அதாவது பொய். மழை வருகிறது என்றால் பொரு. நனைந்துகொண்டே நின்றாலும் பொரு.

நான் அப்போது கரவனெல்ல டவுனில் ஒரு போன் கடையில் வேலைக்கு நின்றேன். ஃபைவ் ஜி விளம்பரத்தை வாசலில் கட்டிய அன்றே மாமா வந்துவிட்டார்.

"இது என்னா தம்பி புதுசா?"

"ஃபைவ் ஜி மாமா. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முழுப் படமும் எறங்கிரும்."

"பொரு! த்ரீ ஜி வந்தப்பயும் இதத்தான் சொன்னீங்க. ஃபோர் ஜிக்கும் இதே பாட்டு. எங்க லயத்து வீடுகளுக்கு ஒரு ஜியும் ஏறி வரல. அதுகளுக்கும் ரோடு சரியில்ல போல."

நியாயம்தான். தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது மலை உச்சியில் ஒரே ஒரு ரப்பர் மரத்தடியில். அங்கேயும் கையில் பிடித்தால் போய்விடும். பால் சொட்டுவதற்குக் கட்டுகிற சிரட்டையில் போனை நிறுத்தி வைத்து, ஸ்பீக்கரில் கத்த வேண்டும். மாமாவின் மகள் ஜெயா குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை பகலில் ஒரு மணி நேரம்தான் அவளுக்கு ஓய்வு. அப்போது மாமா கத்துகிற கத்தில், குவைத்துக்குப் போனே தேவையில்லை என்பார்கள் சனங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெயா சொன்னாள்: "அப்பா, இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. அடுத்த வெள்ளி பதில் சொல்லணும். நீங்க சொல்றபடி செய்யிறேன்."

மாமாவுக்குத் தலை சுற்றிவிட்டது. அதே கையோடு பால் சேர்க்கத் தொடங்கியவர், பாலோடு பாலாகச் சிரட்டையில் நின்ற போனையும் வாளியில் கவிழ்த்துவிட்டார். பால் ஸ்டோரில் வடிகட்டும்போது அது வெள்ளையும் சொள்ளையுமாக வெளியே வந்தது. "இதையும் சேத்து நிறுக்கவா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டாராம்.

ஐந்து நாள் அரிசிக்குள் புதைத்துப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை கடைக்கு வந்தார். நான் ஃபைவ் ஜி போனை நீட்டினேன்.

"மரத்தடியெல்லாம் வேணாம் மாமா. வீட்டுலயே உக்காந்து ஜெயாவப் பாத்துப் பேசலாம்."

அவர் லயத்தில் அரை ஜிகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மாதம் ஒன்றாவது விற்காவிட்டால் முதலாளி முகத்தில் விழிக்க முடியாது. மாமா அன்று பொரு என்று சொல்லவில்லை. "மொகம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன், நாசமாய்ப் போன இந்த வாயால்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல், தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுப் போன் முன்னால் உட்கார்ந்தார். அது ஊமையாகக் கிடந்தது. பொறுக்க முடியாமல் மலைக்கு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது ஜெயாவின் ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. அவளுடைய குரல் செய்தி மட்டும் வந்து விழுந்தது: "எத்தனையோ தடவ கோல் எடுத்தேன்ப்பா. 'திரும்பி வா'ன்னு சொல்ல முடியாமத்தான் நீங்க பேசலபோலன்னு நெனச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன்."

மறுநாள் கடைக்கு வந்து இதைச் சொன்னார். நான் உண்மையை ஒப்புக்கொண்டு அழுதுவிட்டேன்.

"வந்துரு புள்ளன்னு சொல்லத்தான் உக்காந்திருந்தேன்," என்றார். பிறகு என் தோளைத் தட்டினார். "நீ ஏன் தம்பி அழுவுற? மொகத்தப் பாக்கலாம்னு சொன்னியா, எனக்கும் நம்பணும்னு ஆசையாப் போச்சு."

அந்த வேலையை விட்டுவிட்டேன். ஜெயா வர இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அன்றைக்கு விமான நிலையத்துக்கு மாமாவை நான்தான் கூட்டிப்போவேன். அவள் முகத்தை முதலில் அவர் பார்க்கட்டும், நான் பின்னால் நின்றுகொள்கிறேன்.