பதினான்கு நெற்றிகளுக்குச் சந்தனம்

சூரியனை வேலைக்கு வைத்து மேய்த்த ஒரே மனிதர், சுங்கை பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டு வெயிலண்ணன்தான். காலையில் கிழக்கே பார்த்து, "இன்னும் வரலயா? மேகத்துக்குப் பின்னால என்னா, மெடிக்கல் லீவா?" என்று அதட்டுவார்.

அவர் கூரையில் பதினான்கு சோலார் தகடுகள். எண்ணியவன் நான். தெரியாத்தனமாக விளக்கம் கேட்டவர்கள் அன்று காய்கறி வாங்கப் பசாருக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

"சூடு இல்ல தம்பி, வெளிச்சம்! வெளிச்சம் பட்டா உள்ள எலக்ட்ரான் ஓடும். அந்த ஓட்டந்தான் கரண்டு. சுவத்துல இருக்கிற பொட்டி அத வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துது."

எழுபத்திரண்டு வயதில் நான் தம்பி.

இத்தனை ஆர்ப்பாட்டமும் படுக்கையறையைக் குளிர வைக்கும் ஒரே ஒரு ஏர்கோனுக்காக. பில்லுக்குப் பயந்து அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, அதைத் துணி போட்டு மூடிவிட்டு விசிறியோடு புழுங்கிக்கொண்டிருந்தார். தகடுகள் வந்த பிறகும் நிபந்தனை வேறு: "பொட்டியில காட்டுற கரண்டு நம்பர் ரெண்டத் தாண்டுனாத்தான் போடுவேன்."

தாண்டிக்கொண்டுதான் இருந்தது, ஆயுத பூசை வரை. மறுநாள் மண்டை பிளக்கும் வெயில். பெட்டியில் நம்பரோ அரை.

"ஊரே எரியுது, ஒங்க பொட்டி மட்டும் ஏன் தூங்குது?" என்று அக்கா ஏர்கோனை மறுபடி மூடினார்.

வெயிலண்ணன் விசாரணைக் கமிஷன் அமைத்தார். முதல் குற்றவாளி, தகட்டில் எச்சமிடும் மைனா. அடுத்து, கடல் தாண்டி வந்த புகைமூட்டம். மூன்றாவது நான்.

"ஒன் தண்ணித் தொட்டி நிழல்தான் விழுது. எடுத்துரு லா!"

மானத்தைக் காக்க, முட்டி கதற, அவர் பின்னால் ஏணியில் ஏறினேன். நிழலைக் காணோம். தகடு ஒவ்வொன்றிலும் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவே ஆரஞ்சுப் பழம் அளவு குங்குமம். பூசையன்று காருக்கும் மிக்சிக்கும் பொட்டு வைத்தவர் இதை விடுவாரா?

"அண்ணே, நெத்தியில பூசலாம். இதுக்கு ஒடம்பெல்லாம் கண்ணுல்ல?"

"கொஞ்சந்தானே பூசுனேன்?"

"கொஞ்சம் மறைஞ்சாலும் சேந்து நிக்கிற தகடு அத்தனையும் மந்தமாயிரும்னு பாடம் எடுத்தது யாரு?"

முகம் வாடிவிட்டது. "சாமி காரியம் லா. தொடச்சா குத்தம்."

கீழே வாசலில் அக்கா விசிறும் சத்தம் கேட்டது. அவர் தோள்துண்டை நனைத்தார். "மன்னிச்சிரு தாயே. இவ ரொம்ப நாளா வேர்க்கிறா" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு தகடாகத் துடைத்தார்.

நம்பர் ஏறியது. அக்கா குளிரில் தூங்கிப்போனார். வெயிலண்ணன் மட்டும் அறைக்கு வெளியே, நாற்காலியில், வியர்வையில் தெப்பமாக நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போய்ப் படுங்கண்ணே."

"கதவத் தொறந்தா குளிரு போயிரும். அவ முழிச்சிருவா."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சத்தமில்லாமல் அவரோடு வியர்க்கத் தொடங்கினேன்.