விரல்சாமி எடுத்த கட்டி

கானாடுகாத்தானில் ஞாயிற்றுக்கிழமை என்றால் திருவிழாதான். பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றை வாடகைக்கு எடுத்து விரல்சாமி வந்து இறங்கிய நாளிலிருந்து காரைக்குடி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கத்தி வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம். சாமி விரலை வைத்தால் கட்டி வெளியே வந்துவிடும். தழும்புகூட இருக்காதாம். எப்படி இருக்கும்?

டாக்டர் ஹேமாவதிக்கு இந்த வித்தை தெரியாது, பாவம். ஒக்கூர்த் தச்சர் மகள். உதவித்தொகையில் படித்து, மதுரையில் முப்பத்திரண்டு வருடம் புற்றுநோய் அறுவை செய்து, விருதுகளும் வாங்கி, ஓய்வுக்குப் பிறகும் காரைக்குடியில் கத்தி பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டியை எடுக்க அவருக்கு மூன்று மணி நேரம். சாமிக்கு மூன்று நிமிடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அறுவை அறை தயாராக இருந்தது. நோயாளி சித்ராவைக் காணோம். முப்பத்தாறு வயது, இடது மார்பில் புற்றுக்கட்டி. ஆரம்ப நிலைதான், பிழைத்துக்கொள்வாள் என்று ஹேமாவதி நம்பியிருந்தார். சித்ராவின் கணவன் அருள்பாண்டிக்கு அவரே போன் செய்தார்.

“ஒண்ணும் நினைச்சுக்காதீக டாக்டரம்மா. முந்தாநாள் விரல்சாமி கட்டியை எடுத்துட்டாக. என் கண்ணால பார்த்தேன்.”

“எடுத்ததைச் சோதனைக்குக் குடுத்தீகளா?”

“அதைத் தீயில போட்டுட்டாகளே!”

“ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்திருவோம், கூட்டிட்டு வாங்க.”

“சந்தேகப்பட்டா திரும்ப வந்திரும்னு சாமி சொல்லியிருக்காக. வார ஞாயித்துக்கிழமை பூசையோட முடிஞ்சிரும்.”

சாமி கெட்டிக்காரர்தான். குணமானால் அவர் மகிமை. ஆகாவிட்டால் நோயாளியின் சந்தேகம்.

ஹேமாவதி நோயிடம் எத்தனையோ பேரை இழந்திருக்கிறார். ஒருவன் விரலிடம் இழக்க அவருக்கு மனமில்லை.

ஞாயிறன்று பழைய நூல் சேலையில் போய் வரிசையில் நின்றார். அருள்பாண்டியும் சித்ராவும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இவர் முறை வந்தது. சாமிக்கு முக்காலமும் தெரியும். எதிரே படுத்திருப்பது டாக்டர் என்பது மட்டும் தெரியவில்லை.

“என்ன நோவு ஆத்தா?”

“கர்ப்பப்பையில கட்டி, சாமி.”

சாமி கண்ணை மூடினார். “தெரியுது. நெல்லிக்கா அளவு!”

வயிற்றின் மேல் துண்டை விரித்து விரல்களைக் குவித்தார். சிவப்பாகத் தண்ணீர் வழிந்தது. விரலிடுக்கில் கருஞ்சிவப்பாய் ஒரு துண்டம். கூட்டம் “சாமீ!” என்று அலறியது.

ஹேமாவதி அந்தக் கையை இறுக்கிப் பிடித்து, துண்டத்தைப் பறித்துக்கொண்டு எழுந்தார்.

“எனக்குக் கர்ப்பப்பையே கிடையாது. பதினோரு வருசத்துக்கு முந்தியே எடுத்தாச்சு. ரிப்போர்ட் இந்தா இருக்கு. இல்லாத பையில இருந்து எந்தக் கட்டியை எடுத்தீக?”

சாமி அவசரமாகத் துண்டைச் சுருட்டினார்.

“இது என்னன்னு யாராச்சும் சொல்லுங்க” என்று ஹேமாவதி துண்டத்தைக் கூட்டத்தின் முன் நீட்டினார்.

முழங்கால் வலிக்காக வந்திருந்த பொன்னுத்தாயி அந்த ஊரில் கோழிக்கடை வைத்திருப்பவள். எட்டிப் பார்த்தாள். “அட, கோழி ஈரலு! இந்த வீட்டு ஆளு வாராவாரம் வாங்கிட்டுப் போறாரே... நாய்க்குன்னுல்ல சொன்னாரு!”

பொன்னுத்தாயி அந்தத் துண்டைப் பிடுங்கி உதறினால் இன்னும் மூன்று ஈரல், சாயத்தில் நனைத்த பஞ்சு.

“நம்பிக்கையில்லாதவ உடம்புல கட்டியும் ஈரலா மாறும்!” என்று சாமி கத்தினார். அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள். நம் மக்களின் பெருந்தன்மைக்கு அளவேது!

ஹேமாவதி சித்ராவிடம் வந்து குனிந்தார். “கட்டி போயிருச்சாம்மா? தொட்டுப் பார்த்தியா?”

சித்ராவின் கை முந்தானைக்குள் போனது. “இருக்கு டாக்டரம்மா. எடுத்த அன்னைக்கே இருந்துச்சு. சொன்னா என் நம்பிக்கை பத்தலைன்னுருவாகன்னு பேசாம இருந்துட்டேன்.”

“எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றான் அருள்பாண்டி.

கொல்லைக் கதவு வழியாக நழுவிய சாமியைப் பள்ளத்தூர் பஸ்ஸில் வைத்துப் போலீஸ் பிடித்தது. முறையாக டிக்கெட் எடுத்திருந்தார். காற்றில் பறக்க இன்னும் பழகவில்லை போலும்.

வியாழனன்று சித்ராவுக்கு அறுவை நடந்தது. தப்பித்தாள். அதே வாரம் ஹேமாவதியிடம் வந்த இன்னொரு நோயாளி ராமுத்தாய்க்கு அந்த வழியில்லை. ஆறு மாதம் சாமியை நம்பியிருந்ததில், கத்தி வைக்க முடியாதபடி நோய் பரவியிருந்தது.

“இத்தனை வருச அனுபவம் இருந்ததாலதானே மேடம் கண்டுபிடிச்சீங்க?” என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார்.

“இதுக்கு எதுக்குங்க அனுபவம்?” என்றார் ஹேமாவதி. “சாமி கையில கட்டி வந்துச்சான்னு அம்புட்டுப் பேரும் பார்த்தாக. உடம்பை விட்டுப் போச்சான்னு ஒருத்தராச்சும் பார்த்தாகளா?”