கேட்கக் கூடாது

ஆமாங்காடு என்ற நாட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் ஆராய்ந்ததில்லை. அரண்மனையிலிருந்து எது வந்தாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற ஜனங்கள் அவர்கள். அங்கே தேர்தலும் உண்டு. மன்னர் ஏகவீர வழுதி ஒருவரே நிற்பார். ஜனங்கள் வரிசையில் வந்து, "இவர்தானே?" என்று கேட்கும் அதிகாரியிடம் "ஆமாங்க" என்பார்கள். எங்கே தோற்றுவிடுவோமோ என்ற கவலையில் மன்னர் அன்றைக்கு மட்டும் சாப்பிட மாட்டார். மக்கள் தீர்ப்பின் மீது அவருக்கு அவ்வளவு மரியாதை.

நாட்டின் பெருமை அதன் ஊதாக் கொடி. அரண்மனைச் சாயப்பட்டறையில் வருஷம் முழுக்கக் கொடித்துணி ஊறிக்கொண்டிருக்கும். கழிவுநீர் ஏரிக்குப் போகும், ஏரித் தண்ணீர் வீடுகளுக்கு வரும். அதனால் ஆமாங்காட்டில் எல்லோருடைய நாக்கும் ஊதா. வைத்தியரிடம்கூட யாரும் நாக்கை நீட்டுவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அவரும் வயிற்றை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பார்.

கடல் கடந்த நாட்டு வணிகர்கள் சிலர் அந்த ஊதாவில் மயங்கித் துணி வாங்க வந்தார்கள். ஒரு சங்கடம். இளைஞர்கள் பயமில்லாமல் கருத்துச் சொல்கிற நாட்டுச் சரக்கைத்தான் அவர்கள் ஊரில் வாங்குவார்களாம். அடுத்த பருவக்காற்றில் வந்து நேரில் பார்ப்போம் என்று சொல்லிப் போனார்கள். மன்னர் கருத்துத் துறை அமைச்சர் நாவடக்கனாரை அழைத்தார்.

"நம் நாட்டில் கருத்துரிமை இருக்கிறதா?"

"தாராளமாக இருக்கிறது, மன்னா. இதுவரை யாரும் தொடாததால் புத்தம் புதிதாக இருக்கிறது."

அதைக் கொஞ்சம் எடுத்து வெளியில் காட்டும்படி மன்னர் உத்தரவிட்டார். அமைச்சர் கட்டுரைப் போட்டி அறிவித்தார். கருத்துரிமை பற்றி இளைஞர்கள் அச்சமின்றி எழுதலாம். அச்சமின்றி எழுதுவோர் தம் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு அடையாளம், வழக்கமாக வீட்டில் இருக்கும் நேரம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கட்டுரையில் கருத்துகள் இடம்பெறக் கூடாது.

அரசுக் கல்லூரியில் படித்த தையல்நாயகியும் பவளக்கொடியும் சேர்ந்தே எழுதுவதாக இருந்தார்கள். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். தையு பேசிக்கொண்டே இருப்பாள், பவளம் "ம்" கொட்டிக்கொண்டே இருப்பாள். நாடு முழுக்க "ஆமாங்க" சொல்லும்போது, அந்த "ம்" ஒன்றுதான் தையுவுக்குப் பேச்சுத்துணை. அதற்கு ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று அர்த்தம்.

அறிவிப்பைப் பார்த்ததும் பவளம் பின்வாங்கினாள். "எங்கப்பா பட்டறையில வேல பாக்குறாருடி. நான் எழுதல. நீயும் எழுதாத."

தையு எழுதினாள். 'எங்கள் ஏரித் தண்ணீர் ஊதாவாக இருக்கிறது. என் நாக்கும் ஊதா. இதைச் சொல்வதற்கு ஓர் உரிமை தேவைப்படுகிறது என்பதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.' இவ்வளவுதான் கட்டுரை. நாட்டில் வேறு யாரும் எழுதாததால் முதல் பரிசும் ஆறுதல் பரிசும் அவளுக்கே என்று ஆனது.

அரண்மனையில் எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். பிடித்து உள்ளே போட்டால் துணி விற்காது, விட்டுவிட்டால் வாய் அடங்காது. நாவடக்கனார்தான் வழி கண்டுபிடித்தார். "கருத்துரிமை பற்றி எழுதியவளுக்குக் கருத்துரிமையையே பரிசாகக் கொடுத்துவிடலாம், மன்னா. இருந்தது அது ஒன்றுதான். அவளிடம் போய்விட்டால் மற்றவர்கள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை." அப்படியே செப்புத் தகட்டில் பொறித்து, மாலை போட்டுக் கொடுத்தார்கள். தையல்நாயகி எங்கே வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும், யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்.

அவள் நேரே சந்தைக்குப் போய் ஏரியைப் பற்றிப் பேசினாள். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. தக்காளி விற்கிற பெண்ணொருத்தி, "ஏம்மா, அப்ப இது தண்ணியோட நிறமே இல்லியா?" என்று கேட்டுவிட்டாள். அவள் கேட்டதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் கேள்வி. மறுநாள் காலையில் முரசு அறைந்தார்கள். இனி ஆமாங்காட்டில் யாரும் எதையும் கேட்கக் கூடாது.

அமைச்சர் சொல்ல நினைத்தது கேள்வியைத்தான். ஆனால் கேட்பது என்றால் காதால் கேட்பதும்தானே. இரண்டில் எது என்று ஜனங்களுக்குக் குழப்பம். யாரிடமாவது கேட்டுத் தெளிவு பெறலாமென்றால், கேட்கத்தானே கூடாது என்கிறார்கள். எதற்கு வம்பு என்று இரண்டையும் விட்டுவிட்டார்கள். அன்று மதியத்துக்குள் சந்தையில் பஞ்சு தீர்ந்துபோனது. தன் விசுவாசத்தில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று, நாவடக்கனார் எல்லோரையும்விடப் பெரிய உருண்டையாகத் திணித்துக்கொண்டார்.

வைத்தியர் எங்கே வலிக்கிறது என்று கேட்பதில்லை, சொன்னாலும் அவர் காதில் விழுவதில்லை. பின்னால் வந்த மாட்டு வண்டியின் மணி கேட்காமல் மிதிபட்டவர்கள் உண்டு. தொட்டிலில் குழந்தை அழுதால், அது வாயைத் திறந்திருப்பதைப் பார்த்துத்தான் தாய்க்குத் தெரியும்.

ஜனங்களில் காதில் பஞ்சு இல்லாத ஒரே ஆள் தையல்நாயகி. அவள் தினமும் பேசினாள். முதலில் ஏரியைப் பற்றி, பட்டறையைப் பற்றி, மன்னரைப் பற்றி. பிறகு அதெல்லாம் அலுத்துப்போய், காலையில் பொங்கலில் உப்புக் கூடிவிட்டதை, செருப்பு வார் அறுந்ததை, கண்ட கனவைச் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். ஜனங்கள் மரியாதையாக விலகி வழி விட்டார்கள். வீட்டில் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, போதுமா என்று கையால் காட்டிவிட்டுப் போய்விடுவாள். நாடே அவளுக்குப் பேச உரிமை கொடுத்திருந்தது, "ம்" சொல்லத்தான் ஒரு நாதியில்லை.

ஒருநாள் ஏரிக்கரையில் பவளத்தைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் நின்றாள். தையு பக்கத்தில் போய், "உனக்குக்கூடவா நான் பேசறது வேண்டாம்?" என்றாள். பவளம் அவள் உதடுகளையே பார்த்தாள். கை காது வரைக்கும் போனது. பட்டறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தையு கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டே அழுதாள், யாருக்குத் தெரியப்போகிறது.

பருவக்காற்றில் வணிகர்கள் வந்தார்கள். இவர்கள் காதிலாவது விழட்டும் என்று தையு மறுபடியும் மன்னரைப் பற்றி ஆரம்பித்தாள். சந்தை நடுவில் ஓர் இளம்பெண் மன்னரைக் கிழி கிழியென்று கிழிக்கிறாள், காவலர்கள் புன்னகையோடு நிற்கிறார்கள், ஜனங்கள் அமைதியாகக் காய்கறி வாங்குகிறார்கள். இப்படியொரு சகிப்புத்தன்மையை எங்குமே கண்டதில்லை என்று உருகிப்போய், கப்பல் கப்பலாகத் துணி கேட்டார்கள். பட்டறை இரண்டு மடங்கானது. குழம்பும் ரசமும் ஒரே நிறத்தில் இறங்கின.

அந்த வெற்றியைக் கொண்டாட மன்னர் மாடத்தில் ஏறினார். கீழே நாடே திரண்டிருந்தது. நெடிய உரையை முடித்து, "நாம் பாக்கியசாலிகள்தானே?" என்றார். ஒரு "ஆமாங்க" வரவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். மரம் மாதிரி நின்றார்கள். ஆணையை ரத்து செய்கிறேன் என்று கத்தினார். முரசை அறையச் சொன்னார், முரசுக்காரன் காதிலும் பஞ்சு. எழுதி ஒட்டலாமென்றால் மன்னருக்கு முத்திரை குத்தத்தான் தெரியும். எழுதுவதற்கென்று ஓர் ஆள் வைத்திருந்தார், அந்த ஆள் பணிவாக வெறும் ஏட்டோடு நின்றார்.

அவ்வளவு பெரிய கூட்டத்தில் மன்னரின் குரல் ஒருத்தி காதில்தான் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மன்னர் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பெண்ணே, நீ எழுதக்கூடியவள்தானே? எழுது. இளைஞர்கள் எழுத வேண்டும் என்பதுதான் எப்போதும் என் விருப்பம்."

"என்னன்னு எழுதட்டும்?"

"கேட்கலாம் என்று எழுது."

தையு பட்டறையிலிருந்து ஒரு வாளிச் சாயமும் துடைப்பமும் எடுத்து வந்து, அரண்மனைச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதினாள். கேட்கலாம். மன்னர் நினைத்தது காதை. எழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஜனங்கள் படித்தார்கள். நிஜமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. சாயம் சொட்டுகிற துடைப்பத்தோடு தையு சுவரடியில் தனியாக நின்றாள். இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பவளம் வந்தாள். பட்டறைக்காரர்கள் நிற்கிற பக்கம் இம்முறை அவள் பார்க்கவில்லை. ஒரு காதிலிருந்து பஞ்சை உருவினாள். அவளிடம் சொல்ல இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து தையு ஒரே ஒரு சொல்லை எடுத்தாள்.

"தண்ணி..." என்றாள்.

"ம்," என்றாள் பவளம்.

பிறகு மற்றக் காதிலிருந்ததையும் உருவிப் போட்டுவிட்டு, மாடத்தை அண்ணாந்து பார்த்து நிதானமாகக் கேட்டாள். "ஏரித் தண்ணி ஏன் ஊதாவா இருக்கு?"

ஒவ்வொருவராகப் பஞ்சை உருவினார்கள். தக்காளிக்காரி அதையே கேட்டாள். வைத்தியர் கேட்டார். பட்டறை வரிசையிலிருந்து பவளத்தின் அப்பாவும் கேட்டார். சதுக்கம் முழுக்கப் பஞ்சு பறந்தது, அதில் கொஞ்சம் காற்றில் ஏறி மாடத்துக்கும் போனது.

மன்னருக்கு நன்றாகவே கேட்டது. குனிந்து, காலடியில் கிடந்த பஞ்சைப் பொறுக்கி, உருட்டி, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து ஜனங்களைப் பார்த்துப் புன்னகையோடு கையசைத்தார்.

இன்னமும் அசைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியொருவரைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம்.