தலை டப்பா, வால் டப்பா

அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வேன் படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "அன்ஷிகா" என்று கூப்பிட்டான். நான்கு பேர் ஓடி வந்தார்கள். அதில் ஒருத்தி அவன் வேனே இல்லை.

"நீ எங்க ஏறுற?"

"அன்ஷிகான்னு கூப்பிட்டீங்கல்ல."

"நான் என் வேன் அன்ஷிகாவைக் கூப்பிட்டேன்."

"நானும் அன்ஷிகாதான் மாமா."

அவளைப் பக்கத்து வேனில் கொண்டுபோய் விட்டான். பக்கத்து வேன்காரர் பதிலுக்கு அவன் வேன் பிள்ளை ஒன்றைத் திருப்பித் தந்தார். பள்ளிக்கூட வாசலில் தினமும் நடக்கிற பரிமாற்றம்தான். மிச்சமிருந்த மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி, "அன்ஷிகா ஒண்ணு, அன்ஷிகா ரெண்டு, அன்ஷிகா மூணு, ஏறுங்க" என்றான்.

மூன்றாவது ஏறவில்லை. முன்பல் இரண்டும் விழுந்திருந்த பிள்ளை.

"நான் மூணு இல்ல. நீங்கதான் மூணு."

அது உண்மை. ஊருக்கே அவன் மூணுதான். அவன் படித்த வகுப்பில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். வாத்தியார் உயரப்படி நிறுத்தி நம்பர் கொடுத்துவிட்டார். ஒண்ணும் ரெண்டும் வெளிநாடு போனார்கள். நாலு வக்கீலாகி, தன் பெயரை மீட்டுக்கொண்டான். மூணு மட்டும் மூணாகவே இருந்தான். அவன் கல்யாணப் பத்திரிகையில் இருந்த பெயரைப் பார்த்து, யாருக்கோ கல்யாணம் என்று பாதி நண்பர்கள் வரவில்லை.

அதனால் பெண் பிறந்ததும் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். தன் மகளுக்கு நம்பர் விழக்கூடாது. உலகத்தில் யாருக்கும் இல்லாத பெயர் வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மனைவி கேட்டாள். "வடிவுன்னு வைக்கலாமாங்க?"

"வடிவா? இந்தக் காலத்துல யாராவது வைக்கிற பேரா அது?"

"யாரும் வைக்கிறதில்லையா?"

"ஒருத்தரும் இல்ல. என் வேன்ல அறுபது பிள்ளைங்க வந்து போயிருக்கு. ஒரு வடிவு கிடையாது."

"ஓ" என்றாள் மனைவி.

"நான் சொல்றேன் கேளு. ஸ்கூல் வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நம்ம பொண்ணு தலை மட்டும்தான் திரும்பணும். இன்னொரு தலை திரும்பினா அந்தப் பேர் வேண்டாம்."

"இதுதானே கண்டிஷன்? அப்புறம் மாத்தக் கூடாது."

"மாத்தினா நீயும் என்னை மூணுன்னு கூப்பிடு."

அவள் சிரித்துவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ஒருத்திதான் அவனை அப்படிக் கூப்பிடாதவள்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே அவள் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகளுக்குக் கவுன் தைப்பதும், அதில் கேட்கிற பெயரை நூலால் எழுதித் தருவதும் அவள் தொழில். சுற்றுவட்டாரத்தில் குழந்தை பெற்றவர்கள், பெறப்போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அந்த முன்னறை முக்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். தொட்டில் மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கியது. மெஷின் ஓடினால் குழந்தை தூங்கியது, நின்றால் அழுதது. ஆகவே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. துணி துவைத்துக் காயப்போடுகிற வேலை அவன் தலையில் விழுந்தது.

"பாப்பா துணியை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிப் போடாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "தூசி ஒட்டும். பாப்பா உடம்புக்கு ஆகாது."

அவன் திருப்பவில்லை. தையல்காரி சொன்னால் காரணம் இருக்கும்.

பெயர் வேலையை அவன் முறையாக ஆரம்பித்தான். வேனின் வருகை நோட்டில் இருந்த பெண்பிள்ளைகளின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதினான். ஒவ்வொன்றையும் நடுவில் கத்தரித்தான். மனைவியின் பட்டன் டப்பாக்கள் இரண்டைக் காலிசெய்து, தலைகளை ஒன்றில் போட்டான், வால்களை மற்றொன்றில். பட்டன்கள் ஒரு தட்டில் குவிந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க முன்னறையில் டப்பா குலுங்குகிற சத்தம்.

ஒரு தலை எடுப்பான். ஒரு வால் எடுப்பான். ஒட்டிப் பார்ப்பான். சில தலைகளுக்கு எந்த வாலும் பொருந்தவில்லை. சில வால்கள் எந்தத் தலையிலும் ஒட்டிக்கொண்டன. அவற்றை நம்பக் கூடாது என்று தனியே எடுத்து வைத்தான்.

சாயங்காலம் எழுந்து நின்றான். "யஷ்மினிகா."

மெஷின் நிற்கவில்லை. "பிரமாதம்ங்க. எங்க, எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க. நானும் பழகிக்கிறேன்."

அவன் கூட்டிச் சொன்னான். அவள் தையல் சாக்கட்டியால் மேஜை ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை படியிறங்கும்போது கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் வழிமறித்தான். அவனுக்கும் பெண் குழந்தைதான், ஒரு வாரம் மூத்தது.

"மூணு, பாப்பாவுக்குப் பேர் வச்சாச்சு. யஷ்மினிகா."

மூணு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "யார் சொன்னா இந்தப் பேரை?"

"வீட்டுல சொன்னா."

"உன் வீட்டுக்கு யார் சொன்னா?"

"அவளுக்கே தோணியிருக்கும்."

"தோணுற பேரா அது?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கிறதுதான்யா பிரச்சினை."

மேலே வந்து மனைவியிடம் சொன்னான். அவள் கன்னத்தில் கைவைத்தாள். "அநியாயமா இருக்கே. விடுங்க. உங்க மூளைக்கு இன்னொண்ணு வராமலா போயிடும்?"

அவனுக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்ததை அவன் ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் சொன்னான். காதருகில் குனிந்து, "ரித்வானிஷா" என்றான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சாக்கட்டியைத் தேடினாள்.

பத்து நாள் கழித்துத் தடுப்பூசி போடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்து, "ரித்வானிஷா" என்றாள். அவன் குழந்தையோடு எழுந்துவிட்டான். அவனுக்கு முன்னால் வேறொரு அம்மா குழந்தையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

"நீங்க உக்காருங்க சார்" என்றாள் நர்ஸ். "உங்க சீட்டுல பேரே போடலையே."

அன்று மாலை மின்விசிறி பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றுகொண்டிருந்தபோது மூணு கீழே நின்று விசாரித்தான்.

"உண்மையைச் சொல்லு. எங்க சுவிட்ச் போர்டுக்குள்ள என்ன வச்சிருக்க?"

"ஒயரு."

"பேசினா கேக்குமா?"

"ஒயரா?"

"கீழே உன் வீட்டுல கேக்குமான்னு கேக்கறேன்."

எலக்ட்ரீஷியன் ஏணியில் ஒரு படி இறங்கினான். "கடைசியா நீ எப்ப சரியாத் தூங்கின மூணு?"

மெஷின் அன்றைக்கு ஒரே சீராக ஓடியது. அவள் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. மெஷின் மிதித்தால் தோள் குலுங்கத்தானே செய்யும்.

பெயர் பதிய நாற்பத்தைந்து நாள்தான் கெடு என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அதற்கப்புறம் என்றால் நாலு ஆபீஸ் அலைய வேண்டுமாம். நாற்பதாவது நாள் அவன் நம்பக் கூடாதென்று ஒதுக்கிய வால்களையும் டப்பாவில் திரும்பப் போட்டான். கடைசியில் ஒன்று வந்தது. த்ருவக்ஷினாயா. யாருக்கும் இருக்க முடியாது. சொல்வதற்கே பயிற்சி வேண்டும். அவனே இரண்டாவது தடவை வேறு மாதிரி சொன்னான்.

"முதல்ல சொன்னதுதாங்க நல்லா இருந்துச்சு" என்றாள் மனைவி. "கூட்டிச் சொல்லுங்க."

நாற்பத்து மூன்றாவது நாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஐந்து வேன்கள், நூற்றுக்குமேல் பிள்ளைகள், கேட்டைப் பிடித்தபடி காவலாளி. அவன் படியில் ஏறி நின்று மூச்சை இழுத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. இறங்கப்போனான். அப்போது, மூத்தவளை அழைத்துப்போக வந்திருந்த ஒரு அம்மா கைக்குழந்தையோடு அவன் பக்கம் நடந்து வந்தாள்.

"எங்க பாப்பாவைக் கூப்பிட்டீங்களா? பொறந்து ஒரு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குழந்தை புதுக் கவுன் போட்டிருந்தது. நெஞ்சில் ஊதா நூலில் பெயர், இடம் போதாமல் இரண்டு வரியாக. கடைசி எழுத்தின் முனை ஒரு சின்னச் சுழியாகச் சுருண்டிருந்தது. அந்தச் சுழியை அவனுக்குத் தெரியும். ஏழு வருஷமாக அவன் தலையணை உறையில் இருக்கிறது.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாத்தையும் நீயே தூக்கிக் குடுத்திருக்க."

மெஷின் ஓடியது. "பேர் ஒண்ணு சொல்லுக்கான்னு வந்து நிக்கறாங்க. வீட்டுல இவ்வளவு இருக்கறப்ப இல்லைன்னு சொல்ல மனசு வரலைங்க."

"என் பொண்ணுக்கு வச்ச பேரு."

"சரி, நான் சொன்னேன். அவங்க ஏன் எடுத்துக்கிட்டாங்க? உங்க பேரு அப்படி. யார் கேட்டாலும் எடுத்துக்குவாங்க. இன்னும் அஞ்சு வருஷத்துல உங்க வேன்லயே நாலு த்ருவக்ஷினாயா ஏறும். நீங்க ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவீங்க."

அவனுக்கு முன்பல் இல்லாத பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றினான்.

"இப்ப என்ன பண்றது? ரெண்டு நாள்தான் இருக்கு."

"நீங்கதான் கண்டிஷன் போட்டிருக்கீங்களே. அதுப்படி பண்ணுங்க. நாளைக்குப் போய் வடிவுன்னு ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. ஒரு தலை திரும்பினாலும் நானே டப்பா குலுக்கறேன்."

மறுநாள் அதே வாசல், அதே படி. "வடிவு" என்றான். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டோமோ என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னான். ஒரு தலையும் அசையவில்லை. பக்கத்து வேன்காரர் எந்தப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வரவில்லை. காவலாளி மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

முன்பல் இல்லாத பிள்ளை வந்து நின்றது. "யார் மாமா அது?"

"என் பொண்ணு."

"எங்க, காணோம்?"

"வீட்டுல இருக்கு. இன்னும் நடக்க வரல."

"ரெண்டாவது வடிவு எங்க?"

"ரெண்டாவது கிடையாது."

பிள்ளை யோசித்தது. "அப்ப உங்க பொண்ணுக்கு நம்பர் வேண்டாம்."

"வேண்டாம்" என்றான். பிள்ளையின் பையை வாங்கி வேனுக்குள் வைத்தான்.

கடைசி நாள் பதிவு ஆபீசில் அவர்களுக்கு முன்னால் நின்ற தம்பதி ஒரே பெயரை மூன்று தடவை அடித்துத் திருத்தச் சொன்னார்கள். இவர்கள் முறை வந்தது. ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் மூன்று எழுத்து தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

"பின்னாடி ஸ்ரீ, கிரீ எதுவும் வேண்டாமா?"

"வேண்டாம்" என்றான் மூணு. அதைச் சொல்லும்போது, இந்தப் பெயரை நாற்பத்தைந்து நாள் தேடி எடுத்தவன் தான்தான் என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் விளக்கினான். புதுப்பெயர் என்பது வேறு, யாரிடமும் இல்லாத பெயர் என்பது வேறு. இந்த நுட்பம் எல்லோருக்கும் பிடிபடாது.

"உங்களுக்குத்தாங்க பிடிபட்டுச்சு" என்றாள் அவள்.

சாயங்காலம் அவன் மாடிக்குத் துணி காயப்போடப் போனான். குழந்தையின் சட்டை ஒன்று, வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரத்தில் தைத்தது, பிழிந்ததில் உள்பக்கம் வெளியே வந்து சுருண்டிருந்தது. உதறினான். கழுத்துக்குக் கீழே உள்பக்கமாகச் சின்ன எழுத்தில் நூல் வேலை இருந்தது. அடுத்ததைத் திருப்பினான். அதற்கடுத்ததையும் திருப்பினான். ஏழிலும் இருந்தது. வடிவு, வடிவு, வடிவு. எல்லாவற்றிலும் கடைசி எழுத்தின் முனை சுருண்டிருந்தது. துவைத்துத் துவைத்து ஊதா நிறம் பாதி வெளுத்துப் போயிருந்தது.

துவைத்ததெல்லாம் அவன்தான்.

கீழே மெஷின் நின்றிருந்தது. அவள் பட்டன்களைத் தட்டிலிருந்து டப்பாக்களில் திரும்பக் கொட்டுகிற சத்தம் மாடிவரை கேட்டது. அவன் ஏழு சட்டைகளையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி கொடியில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப் மாட்டினான்.