பெட்டி சார் வரைந்த மாநாடு

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தாலும் பெட்டி சார் மனதுக்குள் அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிட்டுத்தான் பார்ப்பார். கட்டம் போட முடியாத பொருள் உலகத்தில் இல்லை, அம்புக்குறி இழுக்க முடியாத உறவும் இல்லை என்று மனதார நம்பிய ஒரே மனிதர் அவர். அந்த நம்பிக்கையால் உருப்படாமல் போனவரும் அவர் ஒருவர்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். போர்வெல் வண்டி, கல்குவாரி, திருப்பூரில் பனியன் மடிப்பு என்று சுற்றிவிட்டு, செஞ்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் லேபைத் திறக்க வேண்டும், பூட்ட வேண்டும், விழா என்றால் மைக் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தேன். என் கணக்கில் அது நீண்ட காலம்.

பெட்டி சார் அங்கே விரிவுரையாளர், அவலூர்பேட்டைக்காரர். மென்பொருள் எழுதும் முன் அதைப் படமாக வரைவார்களாம். யார் யார் இருக்கிறார்கள் என்பதற்குப் பெட்டி, யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது என்பதற்கு அம்பு. அப்படி வரைவதற்கென்றே ஒரு மொழி உண்டாம். அதுதான் அவர் பாடம். வகுப்போடு விட்டிருந்தால் பரவாயில்லை. கேன்டீனிலும் வரைவார்.

"மாஸ்டர், பாலுக்கு ஒரு பெட்டி போட்டேன். அதுலேர்ந்து டீக்கு அம்பே போவலியே?"

"குடிச்சிட்டுக் கெளம்புங்க சார், பின்னால ஆளு நிக்குது."

அன்று முதல் அவருக்கு டீ ஆறித்தான் வந்தது.

வல்லத்தில் பெண் பார்க்கப் போனார். பெண்ணின் அப்பா மரியாதைக்காக, "மாப்ள இன்னா பாடம் எடுக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். சார் உடனே ஸ்வீட் பாக்ஸின் அட்டையைக் கிழித்து அந்தக் கல்யாணத்தையே வரைந்து காட்டிவிட்டார். தரகருக்கு ஒரு பெட்டி, மாமன்மார்களுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

"பாருங்க மாமா, எல்லா அம்பும் பொண்ணு பெட்டிக்குள்ளதான் வருது. அங்கேர்ந்து ஒண்ணுகூட வெளிய போவல. இது டிசைன்ல தப்பு. பொண்ண ஒரு வார்த்த கேட்டுடுங்க."

கேட்டார்கள். பெண் வேண்டாம் என்றாள். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அவருடைய நைனா, "ஊர்ல எவன்டா இப்டி கேப்பான்?" என்று தலையில் அடித்துக்கொண்டே வந்தாராம். இதை என்னிடம் சொன்னபோது பெட்டி சார் சந்தோஷமாகத்தான் இருந்தார். படம் சரியாகிவிட்டதாம்.

கல்லூரியை விட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஆனால் சேரும்போதே ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை எல்லாம் வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிடுவது அங்கே வழக்கம். 'பத்திரமாக இருக்கட்டும்' என்பார்கள். மிகவும் பத்திரமாக இருந்தன. கேட்டால் கிடைக்காது. அவை இல்லாமல் வேறு வேலைக்கும் போக முடியாது, முனைவர் பட்டத்துக்கும் பதிய முடியாது. அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

அப்போதுதான் கல்லூரியில் மென்பொருள் வடிவமைப்பு, வரைமொழிகள் பற்றிப் பன்னாட்டு மாநாடு அறிவித்தார்கள். பன்னாடு என்பதற்கு ஆதாரம் ஹாஸ்டலில் இருந்த ஒரே நேபாள மாணவன். அவனுக்கு டை கட்டி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆனால் சிறப்பு விருந்தினர் மட்டும் உண்மையானவர். சென்னைப் பேராசிரியர், இந்தத் துறையில் பெரிய ஆள். பெட்டி சார் அவருக்கு மெயில் போட்டார். பதிலும் வந்தது. 'உங்கள் கட்டுரையை நேரில் கேட்கிறேன். நன்றாக இருந்தால் என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேரலாம். சர்டிஃபிகேட் பற்றி உங்கள் நிர்வாகத்திடம் நானே பேசுகிறேன். உள்ளிருந்து பார்த்துத் தெரிந்த ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.'

சார் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். விழாக் குழுவில் அவரைப் போட்டுப் பைகளில் நோட்டும் பேனாவும் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். எனவே அவர் உள்ளிருந்து பார்த்தது அந்த மாநாட்டைத்தான். அதையே வரைந்துவிட்டார்.

மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரைகளை நிபுணர்கள் படித்துத் தேர்ந்தெடுப்பதாக அழைப்பிதழில் போட்டிருந்தது. சார் கட்டுரையை அனுப்பிவிட்டுக் கை கழுவி வருவதற்குள் 'ஆராய்ந்து ஏற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்துவிட்டது. அவருக்கு அதில் திருப்தி இல்லை. படிக்காத ஆளுக்கும் புரிந்தால்தான் படம் சரி என்பார். அதனால் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கல்லூரியில் என்னை அண்ணே என்று கூப்பிட்டவர் அவர் மட்டும்தான்.

"அண்ணே, இது இன்னான்னு சொல்லுங்க."

"நம்ம மாநாடு சார்."

"எங்கனா தப்பு இருக்குதா?"

பார்த்தேன். தாளாளர் பெட்டியிலிருந்து விருந்தினருக்கு ஓர் அம்பு, அதன்மேல் பொன்னாடை என்று எழுதியிருந்தது. விருந்தினரிடமிருந்து தாளாளருக்குப் பாராட்டு. மாணவர்களிடமிருந்து நாற்காலிக்கு வருகைப்பதிவு. கட்டுரையிலிருந்து கல்லூரி அங்கீகாரத்துக்கான ஃபைலுக்கு ஓர் அம்பு.

"கட்டுரையிலேர்ந்து கேக்கறவங்களுக்கு அம்பே போவலியே சார்?"

"போவுதா? நீங்க பாத்தீங்களா?"

"போன வருச மாநாட்டுலயும் நான்தான் மைக் புடிச்சேன். போவல சார்."

"அப்ப கரெக்ட்டு."

வேறு எதையாவது வரையுங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னையும் ஒருவர் மதித்துச் சரிபார்க்கச் சொன்ன பெருமையில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

அந்தக் கல்லூரியில் யார் கட்டுரை எழுதினாலும் முதல் பெயர் முதல்வருடையதாகத்தான் இருக்கும். இதிலும் போட்டுக்கொண்டார். தலைப்புக்குக் கீழே அவர் படிக்கவில்லை.

மாநாட்டன்று பதினொரு மணிக்குச் சாரின் நேரம். குத்துவிளக்கு, பொன்னாடை, பாராட்டு எல்லாம் படத்தில் இருந்த வரிசைப்படியே நடந்து முடிந்தன. பிறகு தாளாளர், "கோட்டைய பாக்காம போனா செஞ்சிக்கு வந்ததா ஆவுமா சார்?" என்று பேராசிரியரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாரின் நேரத்தைச் சாப்பாட்டுக்குப் பின் தள்ளினார்கள். பிறகு மூன்றரைக்குத் தள்ளினார்கள். கோட்டையிலிருந்து மண்டகப்பட்டு குகைக் கோயிலுக்குப் போனார்களாம்.

கார் வந்தது.

"வந்துட்டாராண்ணே?"

"தாளாளர் மட்டும்தான் எறங்குனாரு சார். அவரு அங்கேர்ந்தே சென்னைக்குப் போய்ட்டாராம்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சற்று அதிக நேரமே துடைத்தார். "சரி, மைக்க ஆன் பண்ணுங்க" என்றார்.

முதல்வர் மேடையேறி, இது தமது பல வருட ஆராய்ச்சி என்று அறிமுகம் செய்துவிட்டு இறங்கினார். சார் படத்தைத் திரையில் போட்டார். நாற்காலியை நிரப்ப உட்கார வைத்த சிவில் மாணவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஒருவன் சிரித்தான். பிறகு அரங்கமே சிரித்தது. நாற்காலிக்குப் போகும் அம்பைக் காட்டியதும் விசில் பறந்தது.

தாளாளருக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது.

"யோவ், இன்னாய்யா அது? என் பெட்டிலேர்ந்து பொன்னாடை மட்டும்தான் போவுதா?"

"ஐயா, அது வந்து..." என்று முதல்வர் எழுந்தார்.

"இன்னா வந்து? உன் பேருதான்யா மொதல்ல இருக்குது! இப்பதானே உன் ஆராய்ச்சின்ன?"

முதல்வர் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினார். "இந்தக் கட்டுரைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. முழுக்க இவர் எழுதினது. ஒரு வரிகூட என்னுது கிடையாது!"

ஆறு வருடத்தில் முதன்முறையாகத் தம் உழைப்பைத் தம் பெயரில் ஊரறியச் சொல்லக் கேட்ட பெட்டி சார், நெஞ்சு நெகிழ்ந்து, மைக் பக்கம் குனிந்து, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார்.

முதல்வர் மைக்கை அணைக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கை காட்டினார். எனக்குச் சுவிட்ச் எது என்று மறந்துபோனது. அது நினைவுக்கு வருவதற்குள் சார் மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டார்.

மறுநாள் காலை சாருக்கும் எனக்கும் மெமோ கொடுத்து வெளியே அனுப்பினார்கள். கேட் அருகே சார் கவலையாக நின்றிருந்தார். சர்டிஃபிகேட்டுக்காகத்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, படம் தப்பாய்டுச்சு. பசங்க கேட்டாங்களே! கட்டுரையிலேர்ந்து அவங்களுக்கு ஒரு அம்பு போவணும்." மெமோவின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். வேலை போன காகிதத்தில் அப்படிச் சிரித்த முகத்தோடு யாரும் கோடு போட்டிருக்க மாட்டார்கள்.

சர்டிஃபிகேட் கிடைக்கவில்லை. விசாரணை முடியட்டும் என்றார்கள். விசாரணையே தொடங்கவில்லை. பேராசிரியருக்கு எழுதினார். உபசரிப்பு அருமை, கோட்டை அபாரம் என்று பதில் வந்தது. கட்டுரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று அலைந்தேன். போன மாதம் திருவண்ணாமலையிலிருந்து சென்னை பஸ்ஸில் போனபோது, திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. ரேஷன் கார்டோடு நின்ற ஓர் அம்மாவுக்கு, எந்த ஆபீஸிலிருந்து எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும் என்று காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"யோவ், தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்க இன்னாத்துக்கு எறங்குற?" என்று கண்டக்டர் கத்தினார்.

பஸ் போய்விட்டது. அந்த அம்மாவுக்குப் பின்னால் போய் நான் வரிசையில் நின்றுகொண்டேன்.