லினக்ஸுக்குப் போன தபால் ஆமை

ஆமையைக் காணவில்லை. அதன் முதுகில் இருக்க வேண்டிய தபால் பை மட்டும் தெருவில் தன்னந்தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்றது, கடிதத்தைப் போட்டது, அடுத்த வீட்டைப் பார்க்க நகர்ந்தது.

ஆமையார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆமையார் என்பது மனைவி வைத்த பட்டப்பெயர். இரண்டரை வருடம் வீட்டின் பின்னறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அவர் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்திருந்தார். ஓர் ஆமை வீடு வீடாகப் போய்த் தபால் கொடுக்கும். அவ்வளவுதான். கேம் விண்டோஸில் வெளியாகி நாற்பத்து மூன்று பேர் வாங்கினார்கள். அதில் பத்துப் பதினோரு பேர் மனைவியின் அலுவலகத்தார்.

மனைவி தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவின் தலைவி. ஊரில் எந்தக் குழாய் உடைந்தாலும் புகார் அவள் மேசைக்குத்தான் வரும். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த அலுவலகக் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாறிவிட்டன. ஆமை லினக்ஸில் ஓடாது. வாங்கியவர்களில் கால்வாசிப் பேர் ஒரே நாளில் போனார்கள்.

"லினக்ஸ் வந்துடுச்சுங்க. இனிமே எங்க ஆபீஸ்ல உங்க ஆமை ஓடாது" என்று மனைவி அன்று சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு நீளமான பெருமூச்சு விட்டாள். அது ஏக்கப் பெருமூச்சு என்று ஆமையார் அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

ஏனென்றால் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. யார் யாரோ விளையாடிய அந்தக் கேமை மனைவி விளையாடி அவர் பார்த்ததே இல்லை.

"ஒரே ஒரு தெரு விளையாடிப் பாரேன். அஞ்சு நிமிஷம்தான்" என்று எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தார்.

"வீட்டுல அந்த ஆமையை என் கண்ணுல காட்டாதீங்க. எனக்கு ஆயிரம் வேலை இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை. வரும் வெள்ளிக்கிழமை கல்யாண நாள். அன்றைக்கு ஆமையை லினக்ஸில் ஓடவிட்டு, அவள் அலுவலகத்துக்கே அனுப்பிவைப்பது என்று தீர்மானித்தார். சக ஊழியர்கள் கூடிப் புகழ்ந்தால் அவளும் ஒரு தடவை தொட்டுப் பார்க்க மாட்டாளா?

அவர் இதுவரை கொடுத்த பரிசுகளில் ஒன்றுகூட விளங்கியதில்லை. முதல் வருடம் கொடுத்த கைப்பையின் ஜிப், அடையாள அட்டையை உள்ளே வைத்துக்கொண்டு திறக்க மறுத்தது. இரண்டாம் வருடக் குடை, நெரிசலான பஸ்ஸுக்குள் தானாக விரிந்து இரண்டு பேரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. இந்த வருடமாவது உருப்படியாக ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே வெறி.

லினக்ஸ் வேலைக்கு லினக்ஸ் கம்ப்யூட்டர் வேண்டுமே! வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றினார். அதிலிருந்த கல்யாண வீடியோ அழிந்து போனது. நல்லவேளை, மாமியார் வீட்டில் இன்னொரு பிரதி இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேமை ஓட்டிப் பார்த்தபோதுதான் ஆமையைக் காணவில்லை.

காரணம் புரிய ஒரு நாள் ஆனது. கோப்பின் ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று விண்டோஸ் கவலைப்படாது. லினக்ஸ் கறாராகப் பார்க்கும். எழுநூறு படங்களுக்கும் உட்கார்ந்து பெயர் மாற்றினார். அறுநூற்றுச் சொச்சத்தில் கண் சொக்கி, ஆமையின் பெயரை அதைத் துரத்தும் தெரு நாய்க்கும் நாயின் பெயரை ஆமைக்கும் வைத்துவிட்டார். இப்போது முதுகில் பையோடு நாய் தபால் கொடுக்க, ஆமை அதைத் துரத்திக்கொண்டு குரைத்தது.

அதையும் சரி செய்து, சோதனைக்காக இணையத்தில் போட்டார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அனுப்பியவர் புனைபெயர் 'வறண்ட குழாய்'. மூன்று மாதமாகத் திங்கள்தோறும் 'லினக்ஸில் எப்போது வரும்?' என்று தவறாமல் கேட்டு வந்த அதே ஆள்.

'புகார் எண் 1: ஆமை குதிரை போல ஓடுகிறது. கடிதங்கள் பறக்கின்றன. ஆவன செய்யவும்.'

எண் போட்ட புகாரைப் பார்த்ததும், மனைவியின் அலுவலக ஆள்தான் என்று ஆமையாருக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தது. பாவம், எப்படி ஏங்குகிறார்கள்!

வேகத்தைக் குறைத்தார்.

'புகார் எண் 2: ஆமை இப்போது நகரவே இல்லை. குதிரை போல ஓடியதே மேல்.'

கொஞ்சம் கூட்டினார். ஆமை சரியாக நடந்தது, ஆனால் கடைசித் தெருவில் நிற்காமல் மறுபடி முதல் தெருவுக்கே போனது. கேம் முடியவே இல்லை. அலறியடித்துக்கொண்டு அதைத் திருத்தப் போனபோது அடுத்தது வந்தது.

'புகார் எண் 3: முடிவே இல்லாமல் போவது மிக நன்றாக இருக்கிறது. கை வைக்க வேண்டாம்.'

சரி, வாடிக்கையாளர் சொன்னால் சரிதான் என்று விட்டுவிட்டார்.

'புகார் எண் 4: சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கிறது.'

சத்தத்தை நிறுத்தி வைத்தார்.

'புகார் எண் 5: இதுவரை வீட்டில் ஓட்டினேன். அலுவலகத்தில் ஏற்றுவதற்கு மேடத்தின் கடவுச்சொல் கேட்கிறது. மேடம் உயிரே போனாலும் தர மாட்டார்.'

ஆமையார் வாய்விட்டுச் சிரித்தார். என்ன கண்டிப்பு, தன் மனைவிக்கு! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, எந்தக் கடவுச்சொல்லும் தேவைப்படாமல், ஒரே தட்டலில் திறக்கும்படி செய்துவிட்டார்.

இவ்வளவையும் அவர் பகலில்தான் செய்தார். மாலைகள் மனைவிக்கு. முன்பெல்லாம் அவள் வீடு திரும்ப எட்டரை ஆகும். கண் சிவந்து, "வேலை, வேலை" என்று முனகிக்கொண்டு வருவாள். லினக்ஸ் வந்ததிலிருந்து ஐந்தரை அடித்தால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் சேர்ந்து செடிக்குத் தண்ணீர் விட்டார்கள், சேர்ந்து காய் நறுக்கினார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பேசிச் சிரித்ததில்லை.

"இப்பல்லாம் சீக்கிரம் வந்துடுறியே, எப்படி?" என்று ஒருநாள் கேட்டார்.

"எல்லாம் அந்த லினக்ஸ் புண்ணியம்" என்றாள்.

எவ்வளவு நல்ல மென்பொருள் என்று ஆமையாருக்கு லினக்ஸ் மேல் மரியாதையே வந்தது.

வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, லினக்ஸில் தபால் ஆமை வெளியானது. பன்னிரண்டரைக்கு வறண்ட குழாய் எழுதியது: 'புகார் எதுவும் இல்லை.'

ஆமையார் சமையலறைக்குப் போய்த் தனியாக ஒரு சுற்று ஆடினார். பிறகு பூ வாங்கி வந்தார், நல்ல சட்டை போட்டுக்கொண்டார், வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஐந்தரை அடித்தது. செருப்புச் சத்தம் இல்லை. ஆறானது. போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ஆறே முக்காலும் ஆனது. பூவைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே ஓடினார்.

வாசலில் சாவிக்கொத்தோடு வாட்ச்மேன் முழித்துக்கொண்டு நின்றார்.

"யாராவது உள்ள இருக்காங்களா?"

"எல்லாருமே இருக்காங்க சார். அதான் என் பிரச்சினையே. பூட்டணும்."

உள்ளே போனார். பத்து மேசையிலும் பத்துப் பேர் திரையில் மூக்கு உரச உட்கார்ந்திருந்தார்கள். பத்துத் திரையிலும் ஆமை நடந்துகொண்டிருந்தது. புகார் போன்கள் வரிசையாக அலறின. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் மனைவி இருந்தாள். நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்க, கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் மௌஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆமை நூற்றுப் பன்னிரண்டாவது தெருவில் போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா, மணி ஏழாகப் போகுது" என்றார் மெதுவாக.

"ஒரு நிமிஷங்க. இந்தத் தெரு மட்டும்" என்றாள், திரும்பாமலே.

ஆமையார் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் விளையாடிவிட்டாள்! இத்தனை வருடத்தில் அவர் கொடுத்த பரிசு ஒன்று பலித்தேவிட்டது. பூவை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே வாட்ச்மேனின் தோளைத் தட்டினார்.

"லினக்ஸுல ஓட வச்சது நான்தான். மேடம் விளையாடுறது இதுதான் முதல் தடவை, தெரியுமா?"

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, நீங்கதானா சார் அது? இந்த ஆமை ஓடாத மெஷினா குடுங்கன்னு மேலிடத்துக்கு மூணு தடவை எழுதி லினக்ஸை வரவழைச்சதே மேடம்தானே; 'மத்தவங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல என் மெஷினை மாத்துங்க, என்னால நிறுத்தவே முடியலை'ன்னு லினக்ஸ் ஏத்த வந்தவங்ககிட்ட கண்கலங்கிச் சொன்னாங்க சார்!"